அத்தையின் வியாழக்கிழமைகள்

அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரம் பக்கம் என் ஊர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் மாத்திரையும் கவுன்சலிங்கும் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் மாத்திரை போட்டேன், ஒன்றும் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். கவுன்சலிங்கை வீடியோவில் வைத்துக்கொள்ளவா, பாளையங்கோட்டைக்கு நேரில் போகவா? நேரில் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள்.

பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

பத்து நாளில் மாத்திரையை நிறுத்தச் சொல்லி யார் சொன்னது? தலைவலி மாத்திரையா அது? இந்த மருந்து பிடிக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். இன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

சரி, கவுன்சலிங். மிதமான மனச்சோர்வுக்கு வீடியோவில் பேசுவது, நேரில் போவது இரண்டுமே ஏறக்குறைய ஒரே பலன் தருவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் திரையை நம்பி உட்கார்ந்திருக்காமல் நேரில் போய்விட வேண்டும்.

ஆனால் வீடியோவை எங்கே வைத்துப் பேசுவீர்கள்? நம் பக்கத்து வீடுகளில் பட்டாசலில் இருமினால் அடுக்களையில் கேட்கும். அம்மா காதில் விழக் கூடாதென்று பாதியை விழுங்கிவிட்டு டாக்டரிடம் எதைச் சொல்வீர்கள்?

கல்லிடைக்குறிச்சியில் என் அத்தை எட்டு மாதம் பட்டாசல் தூணில் சாய்ந்தே கிடந்தாள். செய்வினை என்றார்கள். கயிறு மந்திரித்து வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். இன்றும் அது எனக்கு உறுத்தல்தான். பிறகுதான் வியாழன்தோறும் பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். முதல் மூன்று வாரமும் கசங்கிய அதே சேலை. நான்காவது வாரம் நான் போகும்போது குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். வீரவநல்லூர் தாண்டியதும், “அந்த ஜன்னலைத் திறந்து விடு, காத்து வரட்டும்” என்றாள். எட்டு மாதத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

டாக்டரிடம் சொன்னேன். எழுந்து, குளித்து, கிளம்பி வருவதும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்றார். அதனால்தான் சொல்கிறேன், வேலையும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கிற நீங்கள் நேரில் போங்கள். கைப்பிள்ளைக்காரிக்கும் நடக்க முடியாதவருக்கும் வீடியோ பெரிய உதவி. உங்களுக்குக் கால் இருக்கிறது, பஸ் இருக்கிறது.

ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ், அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், தெரிந்தவர்கள் பார்ப்பது. பஸ் ஸ்டாண்டில் பக்கத்து வளவு மதினி, “எங்க கிளம்பிட்டீக?” என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் அத்தை சொன்னாள்: “மனசுக்கு முடியல, டாக்டரைப் பாக்கப் போறேன்.” அடுத்த மாதம் அந்த மதினி தன் மகளையும் கூட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினாள்.