நார்வேஜிய மொழிக் கூட்டுப்பெயர்கள்: அழுத்தமும் அசைப் பிரிப்பும்

வணக்கம். நீண்ட நார்வேஜியப் பெயர்ச்சொற்களில் பால், அழுத்தம், வரி முடிவில் பிரிக்கும் இடம் ஆகிய மூன்றும் குழப்புவதாக எழுதியிருந்தீர்கள். சொல்லை அசை அசையாக எண்ணத் தொடங்குவதற்கு முன், அது எந்தச் சொற்களின் சேர்க்கை என்று பாருங்கள்.

சிவப்பு ஒயின் கோப்பையைக் குறிக்கும் 'ரோவீன்ஸ்க்ளாஸ்' இதற்கு நல்ல சான்று. 'வீன்' (ஒயின்) ஆண்பாலாக இருந்தாலும் இறுதியில் நிற்கும் 'க்ளாஸ்' (கோப்பை) அலிப்பால் என்பதால், முழுச்சொல்லும் அலிப்பால் சொற்களுக்கு முன் வரும் 'எத்' ('ஒரு') என்ற சொல்லையே ஏற்கும். 'வீன்க்ளாஸ்' (ஒயின் கோப்பை) என்பதில் இல்லாத இணைப்பு 'எஸ்' இங்கே வருவதற்குக் காரணம், 'ரோவீன்' (சிவப்பு ஒயின்) என்ற முன்பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருப்பதுதான். அந்த 'எஸ்' எப்போதும் முன்பகுதியோடு சேர்ந்தது. பிரிக்கும்போது அதை அடுத்த வரிக்குத் தள்ளிவிடாதீர்கள்.

முதன்மை அழுத்தம் முன்பகுதியில் விழும் என்பதைச் சொல்லின் முதல் அசையில் விழும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள், அது சரியன்று. நிலைய அதிகாரியைக் குறிக்கும் 'ஸ்தஷூன்ஸ்மெஸ்தெர்' என்பதில், 'ஸ்தஷூன்' தனியாக நிற்கும்போது அழுத்தம் பெறும் 'ஷூன்' என்ற அசையே கூட்டிலும் அதைப் பெறுகிறது. ஆனால் ரயில் நிலையமான 'தோக்ஸ்தஷூன்' என்பதில் முதன்மை அழுத்தம் 'தோக்' மீது சென்றுவிட, 'ஷூன்' துணை அழுத்தத்தோடு நிற்கிறது.

நீங்கள் தடுமாறிய 'புஸ்ஸ்தொப்' என்ற பேருந்து நிறுத்தச் சொல்லில், 'புஸ்' இரண்டு 'எஸ்' எழுத்துகளோடு முடிய, 'ஸ்தொப்' மற்றொன்றோடு தொடங்குகிறது. சேர்த்து எழுதும்போது மூன்று இரண்டாகக் குறையும். வரி முடிவில் பிரித்தால் மூன்றாவதை மீண்டும் எழுத வேண்டும்.