ஷனையா ட்வெயினின் இரண்டாவது ஆல்பத்தை ஏன் திருப்புமுனை என்கிறார்கள்?

கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த இசை வகை) பாடகியான அவருடைய, 1995 பிப்ரவரியில் வெளிவந்த 'தி வுமன் இன் மீ' ஆல்பத்தைப் பற்றிய கேள்வி இது. குரல் பழையதுதான், மாறியது பாடல்களும் ஒலியும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து, கன்ட்ரி இசையின் மையமான அமெரிக்க நகரம் நாஷ்வில்லுக்கு வந்த ட்வெயினின் முதல் ஆல்பம் 1993இல் வெளியாகிப் பெரிதாகப் பேசப்படாமல் போயிற்று. அவர் சொந்தமாகப் பாட்டெழுதுபவர். ஆனால் அந்த ஆல்பத்தில் அவர் பங்களித்து எழுதியது ஒரே ஒரு பாடல், அதுவும் இன்னொருவருடன் சேர்ந்து. மற்றவையெல்லாம் பிறர் எழுதிக் கொடுத்தவை.

அதே ஆண்டு அவர் மணந்துகொண்ட 'மட்' லேங், ஏசி/டிசி, டெஃப் லெப்பர்ட் ஆகிய ராக் குழுக்களின் தயாரிப்பாளர். இருவரும் சேர்ந்து எழுதிய பாடல்களே இரண்டாவது ஆல்பத்தின் பெரும்பகுதி. ஃபிடிலும் ஸ்டீல் கிதாரும் நாட்டுப்புற வாசனையோடு அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் கனமான டிரம்ஸ், அடுக்கடுக்கான பின்னணிக் குரல்கள், உடனே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி. 'எனி மேன் ஆஃப் மைன்' பாடலைக் கேட்டாலே போதும், இது விளங்கிவிடும். ஆணுக்காக ஏங்கி அழாமல், தன் நிபந்தனைகளை நகைச்சுவையோடு அடுக்குகிற பெண் அதில் பேசுகிறாள். கன்ட்ரி தரவரிசையில் ட்வெயினுக்கு முதலிடம் தந்த முதல் பாடலும் அதுதான்.

"இது கன்ட்ரியே அல்ல" என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அது வீண் சச்சரவாகவே படுகிறது. சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருது 1996இல் இதற்கே கிடைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது; அதுவும் இந்த ஆல்பத்துக்கென்று பெரிய இசைப்பயணம் எதுவும் அவர் நடத்தாமலேயே.