நடு அறை இருட்டுக்குக் கூரையைத் திறக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலி டவுனில் தெற்கு வடக்காக நீண்ட, 14 அடி அகலமுள்ள பழைய வீடு எங்களுடையது. அப்பா காலத்தில் முற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூடியதிலிருந்து நடு அறையில் பகலிலும் விளக்கு எரிகிறது. இப்போது வீட்டைப் புதுப்பிக்கும் கான்ட்ராக்டர், அந்த இடத்தை எட்டுக்கு எட்டு அடி உடைத்து, வெளிச்சம் ஊடுருவும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட் போடலாம் என்கிறார். இல்லையென்றால் கிழக்கே காலிமனை இருப்பதால் அந்தச் சுவரில் ஜன்னல் வைத்துவிடலாம் என்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டுமே அவர் சொன்ன வடிவில் வேண்டாம். எல்லைக் கோட்டில் நிற்கும் சுவரில் வைக்கும் ஜன்னல், அடுத்த மனைக்காரர் வீடு கட்டும் நாள் வரைதான் ஜன்னல். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த பிறகே வெளிச்சத்துக்கு உரிமை கோர முடியும்.

முற்றத்தைத் திறப்பது சரியான யோசனை. ஆனால் அதன் மேல் ஷீட்டைப் படுக்கவைப்பதுதான் தவறு. நம் ஊரில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். 64 சதுர அடி வெயில் அப்படியே அறைக்குள் இறங்கினால் அங்கே யாரும் உட்கார முடியாது. மேலிருந்து வரும் வெளிச்சம் சுவர் ஜன்னலைவிடப் பல மடங்கு வலுவானது என்பதால், அறைப் பரப்பில் இருபதில் ஒரு பங்குத் திறப்பே போதும்.

ஷீட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடைக்காரரிடம் கமிஷன் வாங்கும் இடைத்தரகர்கள், வெயில் தாங்கும் பூச்சே இல்லாத மலிவுச் சரக்கைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். அது சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும். பூச்சுள்ள ஷீட் வாங்கினாலும் பூச்சு இருக்கும் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் பொருத்திய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 8 அடி ஷீட் வெயிலில் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். துளையைப் பெரிதாகப் போடாமல் ஸ்குருவை இறுக்கினால் விளிம்பு விரிசல் விட்டு, ஐப்பசி மழையில் ஒழுகத் தொடங்கும். பொருளை நீங்களே, உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள்.

நான் சொல்லும் வழி, முற்றத்தின் நான்கு ஓரங்களிலும் மச்சுக்கு (மொட்டை மாடிக்கு) மேல் மூன்றடி உயரச் சுவர் எழுப்பிக் கூண்டுபோல ஆக்கி, அதன் தலையில் மெல்லிய கான்கிரீட் தளம் போட்டு, வடக்குப் பக்கத்தில் இரண்டடி உயரத்துக்குக் கண்ணாடி வைப்பதாகும். கண்ணாடியின் அடிவிளிம்பு மச்சுத் தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருந்தால், 2023 டிசம்பரில் கொட்டியது போன்ற மழையிலும் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்காது. தெற்குச் சுவரில் கொசுவலை அடித்த சிமென்ட் ஜாலி வைத்தால் மேலே தேங்கும் சூடான காற்று வெளியேறிவிடும்.

வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று எங்காவது எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள். அது டில்லிக்கும் அதற்கு மேற்பட்ட ஊர்களுக்கும் பொருந்தும். 9 பாகை அட்சரேகைக்குள் இருக்கும் நமக்கு, ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது, ஜூனில் ஏறக்குறைய 15 பாகை. எனவே அந்தக் கண்ணாடிக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடு கட்டாயம் வேண்டும். காலை, மாலை வெயில் ஓரத்தால் நுழையாமலிருக்க இரு பக்கச் சுவர்களையும் அதே அளவு நீட்டுங்கள்.

முற்றத்தில் பின்னால் போட்ட தளம் தனித்து நிற்பதாக இருந்தால் முழுவதுமாக எடுத்துவிடலாம். வீட்டின் மூலத் தளத்தோடு கம்பி இணைந்திருந்தால் அதை அறுக்கக் கூடாது. எது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும், கொத்தனார் அல்ல.

அனுமதி வாங்குவதில் உங்களுக்கு அலுப்பு வரும். நான்கு பக்கமும் இடம் விட்டுக் கட்டும் புதுமனையை மனத்தில் வைத்தே விதிகள் எழுதப்படுகின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவீட்டுக்காரர் வெளிச்சம் கேட்டுப் போனால் பதில் சொல்ல ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். வரைபடத்தை உரிமம் பெற்ற பொறியாளரிடம் கொடுத்து நேரடியாக விண்ணப்பியுங்கள்.

கூண்டுச் சுவரின் உட்புறத்துக்குக் கான்ட்ராக்டர் கருங்கல் நிற டைல்ஸ் சொல்வார்; வேண்டாம். வெள்ளை மட்டும் பூசுங்கள், மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். கண்ணாடி வழி வரும் வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டுத்தான் தரைக்கு இறங்குகிறது.