ஏசி யாருக்காக வந்தது?

கேள்வி: எங்கள் வீடு திருநகரில் இருக்கிறது. எட்டு வயது மகளுக்காக வாங்கிய நீல நிற ஃபைட்டர் மீனுக்கு மூன்று வாரமாக வால் கரைந்துகொண்டே வருகிறது. ஓரமெல்லாம் கறுத்துவிட்டது, நடுவில் சிவப்புக் கோடுகள் தெரிகின்றன. அடியிலேயே படுத்துக்கிடக்கிறது. கடையில் கொடுத்த நீல மருந்து, வீடியோ பார்த்து டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல், ஒரு கைப்பிடி கல் உப்பு, மஞ்சள் தூள் என எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். அம்மா எங்களோடு இருந்தவரை இந்தத் தொந்தரவு இல்லை. அவர் ஏதோ காய்ந்த இலையெல்லாம் போட்டு வைப்பார். தண்ணீர் டீ நிறத்தில் அசிங்கமாக இருந்ததால் எடுத்துவிட்டோம். இப்போது நாற்றம் வந்தால் மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிடுகிறோம். வெயிலால் வந்ததாக இருக்காது. அம்மா உசிலம்பட்டிக்குப் போன பிறகு அவர் ரூமை என் ஆபீஸ் ரூமாக்கி ஏசி போட்டிருக்கிறோம் (மேற்குப் பார்த்த ரூம், வெக்கை தாங்காது). மீன் அங்கே என் மேஜை மேல்தான் இருக்கிறது. எந்த மருந்து நிச்சயமாகக் கேட்கும்? மகள் தினமும் அழுகிறாள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: தம்பி, வால் அழுகும் மீனைப் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நாலு மருந்து ஊற்றியாகிவிட்டது, ஐந்தாவது எது என்று கேட்பார்கள். உங்களுடையதும் அப்படித்தான். ஆனால் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு எனக்கு மீன் ஞாபகமே கொஞ்ச நேரம் வரவில்லை.

மேற்குப் பார்த்த ரூம், வெக்கை தாங்காது. சரி. அந்த வெக்கை உங்கள் அம்மா இருந்தபோது எங்கே போயிருந்தது? மதுரையில் மேற்குச் சுவர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் முழுக்க வாங்கிய வெயிலை அந்தச் சுவர் நடுராத்திரி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். அதில் அவர் படுத்துத் தூங்கி எழுந்திருக்கிறார். அப்போது ஏசி தேவைப்படவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும், உங்கள் மேஜை உள்ளே வந்ததும், ஆள் வந்து சுவரில் ஓட்டை போட்டுவிட்டார்.

அம்மா ஏன் ஊருக்குப் போனார் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மீனின் வால் எந்தப் பக்கம் கறுத்திருக்கிறது என்பதுவரை எழுதத் தெரிந்த உங்களுக்கு அது விட்டுப்போனது என்று நான் நம்பவில்லை. இதில் உங்கள் மனைவியை இழுத்து எனக்கு மறுகடிதம் போட வேண்டாம். மருமகளுக்கும் மாமியாருக்கும் ஆயிரம் இருக்கும். பெற்ற தாய் எந்த அறையில் எந்தச் சூட்டில் தூங்குகிறார் என்று பார்க்க வேண்டியது மகன். அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

இப்போது அதே ஏசியைப் பற்றி மீன் பக்கமிருந்து பேசுவோம். வெயில் இல்லை என்பதற்குச் சாட்சியாக அதைச் சொன்னீர்கள். உண்மையில் உங்கள் மீனைப் படுக்க வைத்ததில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஃபைட்டர் மீன் தாய்லாந்துப் பக்கத்து உயிர். அங்கே வயல்களிலும் ஆழமில்லாத குட்டைகளிலும் வெதுவெதுப்பான தண்ணீரில் இருப்பது. (அந்த நாடு 2019-ல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. நாம் பிளாஸ்டிக் டம்ளரில் வைத்து விற்கிறோம்.) 25 முதல் 28 டிகிரி வரை இருந்தால் அது சுறுசுறுப்பாக இருக்கும். நீங்கள் எந்த அளவில் ஏசி வைக்கிறீர்களோ தெரியாது. ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் 20, 22 என்று வைத்துக்கொண்டு சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீர் சில மணி நேரத்தில் அந்தக் குளிருக்கு இறங்கிவிடும். வேலை முடிந்து நீங்கள் ஏசியை நிறுத்தினால் மேற்குச் சுவர் அதை மறுபடி சூடாக்கும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் மீனின் எதிர்ப்புச் சக்தி போய்விடும். வாலைத் தின்னும் பாக்டீரியா வெளியிலிருந்து புதிதாக வந்ததல்ல, எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பதுதான். மீன் தளரும்வரை காத்திருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் அழுக்கு. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகும். அது கண்ணுக்குத் தெரியாது. நாற்றம் உங்கள் மூக்குக்கு எட்டும்போது மீன் பல நாளாக அதில் வெந்துகொண்டிருக்கும். அப்புறம் பதறிப்போய் ஒரேயடியாக மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறீர்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும், சூடும் வேறாக இருக்கும். அழுக்கிலிருந்து எடுத்து அதிர்ச்சியில் போடுவதுதான் இது.

உங்கள் அம்மா என்ன செய்திருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். தினமும் கொஞ்சம் மோந்து கொட்டி, முதல் நாள் பிடித்து வைத்த வாளித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றியிருப்பார். கிராமத்திலிருந்து வந்த பெண்கள் பிடித்து வைத்த தண்ணீரை வீணாக்குவதில்லை. அந்தக் காய்ந்த இலை, பெரும்பாலும் நாட்டு வாதாம் மர இலை. பள்ளிக்கூட வாசல்களிலும் கோயில் பக்கமும் நிற்கிற, சிவந்து உதிருமே, அந்த மரம். அந்தச் சாயம் தண்ணீரைக் கொஞ்சம் புளிப்புப் பக்கம் கொண்டுபோகும், கிருமிகளையும் ஓரளவு அடக்கும். ஃபைட்டர் வளர்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கும் இலை அது. அவர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, பொறுக்கி வந்து, கழுவிக் காயவைத்துப் போட்டிருக்கிறார். உங்களுக்கு அது அசிங்கம். இதைக் கேட்டு எரிச்சல் வந்தால் வரட்டும்.

இனி செய்ய வேண்டியது. முதலில் மருந்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நீல மருந்தும் ஆன்டிபயாடிக்கும் மஞ்சளும் உப்பும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்தால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டெட்ராசைக்ளின் பற்றி ஒரு விஷயம்: தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று உங்கள் வீட்டுக் குழாய் வாயில் படிந்திருக்கும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டினால் மருந்தின் வேகம் குறைந்து கிருமி பிழைத்துக்கொள்ளலாம், அடுத்த தடவை அந்த மருந்துக்கு அடங்காமலும் போகலாம். மனிதனுக்கு எழுதிக் கொடுக்கும் மாத்திரையை அளவே தெரியாமல் மீனுக்குப் போடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தொட்டியை அந்த அறையிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள். ஹாலில் நேர் வெயில் படாத மூலையில் வையுங்கள். ஹால் சூடாக இருந்தாலும் பரவாயில்லை, ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது. கிண்ணம் வேண்டாம். 15, 20 லிட்டர் பிடிக்கும் தொட்டி ஒன்று வாங்குங்கள், மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சேர்த்து. இந்த மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதனால் சின்னப் பாத்திரம் போதும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். காற்றைக் குடிக்கும்தான். ஆனால் தன் கழிவிலேயே நீந்தச் சொன்னால் அது எந்த மீனுக்கும் ஆகாது. பிளாஸ்டிக் செடி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதன் முனை வாலைக் கிழிக்கும்.

வாளியில் தண்ணீர் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள். கேன் தண்ணீரை மட்டும் தனியாக ஊற்ற வேண்டாம், அதில் மீனுக்கு வேண்டிய தாதுக்கள் பெரும்பாலும் குறைவு. தினமும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். மேலாக மோந்து ஊற்றினால் போதாது, ஒரு சின்ன ட்யூப் வைத்து அடியில் கிடக்கும் அழுக்கை உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு வாரம் ஒரு நாளும் தவறக்கூடாது. நேரமில்லை என்று சொல்லாதீர்கள். பத்து நிமிட வேலை, அதுவும் நீங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்.

கைப்பிடி உப்பு என்பது அளவே இல்லை. நாலு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அயோடின் சேர்க்காத கல் உப்பு. டம்ளரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தண்ணீர் மாற்றும்போது புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில் உப்பு சேர்க்க வேண்டும், மொத்தத்துக்கும் மறுபடி போடக்கூடாது. பத்து நாளுக்கு மேல் உப்பு வேண்டாம். இலையையும் திரும்பப் போடுங்கள், நன்றாகக் காய்ந்ததாக ஒன்று போதும். தீனி காலையில் மூன்று நாலு குருணை, மாலையில் அவ்வளவே. மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள்.

ஒரு வாரம் சுத்தமான தண்ணீரில் இருந்த பிறகும் கறுப்பு உடம்பை நோக்கி நகர்ந்தால், உடம்பில் புண் தெரிந்தால், செதில்கள் சிலிர்த்து நின்றால் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். வாலின் அடிப்பகுதிவரை அரித்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. மீன் பிழைக்கும் என்று உங்கள் மகளிடம் இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீர் மாற்றும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அது போதும்.

குணமாக ஆரம்பித்தால் முதலில் கறுப்பு ஓரம் மேற்கொண்டு நகராமல் நின்றுவிடும். அப்புறம் ஓரத்தில் கண்ணாடித் தாள் போல நிறமில்லாத மெல்லிய விளிம்பு ஒன்று தெரியும். பலர் இதைப் பூஞ்சை என்று பயந்து மறுபடி நீல மருந்தை எடுப்பார்கள். அது புது வால், தொடாதீர்கள். பூஞ்சை என்றால் பஞ்சு பஞ்சாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முழுதாக வளர மாதக்கணக்காகும். நிறம் பழையபடி வராமல் போகலாம், கோணலாகவும் வளரலாம். மீனுக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை.

மீனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் அம்மாவுக்கு ஃபோன் செய்து, மீன் சாகக் கிடக்கிறது வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் வேலைக்காக அவரைக் கூப்பிட்டதாக ஆகிவிடும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் மேஜையையும் கம்ப்யூட்டரையும் ஹாலுக்கு மாற்றுங்கள். அவருடைய கட்டிலை எங்கே போட்டீர்களோ, அங்கிருந்து எடுத்துவந்து பழைய இடத்தில் போடுங்கள். ஏசி அங்கேயே இருக்கட்டும். அப்புறம் மகளைக் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுங்கள். ஏசி போட்ட விஷயத்தை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள், அப்பத்தாவிடம் பேத்தி உளறித் தெரியவேண்டிய விஷயமில்லை அது. அவர் கோபப்பட்டால் உட்கார்ந்து கேளுங்கள். வரமாட்டேன் என்று சொன்னால் வற்புறுத்தாமல் திரும்பி வாருங்கள், அடுத்த மாதம் மறுபடி போங்கள். வந்தாலும் தண்ணீர் மாற்றுவது இனி உங்கள் வேலை.