8,000 ரூபாயில் ஸ்டாண்ட் மிக்சர்: வாட்ஸை நம்பலாமா?

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். சனி, ஞாயிறு என்றால் இரண்டு மூன்று பிறந்தநாள் ஆர்டர் வந்துவிடும். கையில் பிடிக்கும் பீட்டரால் க்ரீம் அடித்தே தோள்பட்டை போய்விட்டது. எப்போதாவது பன்னும் போடுவேன். 8,000 ரூபாய்க்குள், கிண்ணத்தோடு மேஜையில் நின்று தானே அடிக்கும் ஸ்டாண்ட் மிக்சர் தேடுகிறேன். ஒன்று 1,000 வாட்ஸ், இன்னொன்று 1,500 வாட்ஸ். 1,500 என்றால் சப்பாத்தி மாவே பிசையலாம் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கட்டும்?
- வாசகி, திருச்சி

பதில்: கடைக்காரர் சொன்ன சப்பாத்தி மாவை முதலில் மறந்துவிடுங்கள். வாட்ஸ் என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதற்கான கணக்கு. மாவைத் திருப்பும் பலம் மோட்டாரையும் பல் சக்கரங்களையும் பொறுத்தது. பேக்கிங் செய்பவர்கள் ஏங்கும் கிச்சன்எய்ட் ஆர்ட்டிசன் மிக்சரின் ஸ்டிக்கரில் 300 வாட்ஸ்தான் போட்டிருக்கும். அது பிரெட் மாவை அலட்டிக்கொள்ளாமல் பிசையும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த 1,500ஐ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் உள்ளே இருக்கும் கையேட்டையும். ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று அவற்றில் இருக்கும். பல மாடல்களில் அது ஐந்து நிமிடம்தான். பன் மாவு பதமாக வர எட்டு, பத்து நிமிடம் பிசைய வேண்டும். நடுவில் நிறுத்தி ஆறவிடாமல் ஓட்டினால் கருகல் வாடை வரும், பிறகு சர்வீஸ் சென்டர்தான். கையேட்டில் 'அதிகபட்ச மாவு' எத்தனை கிராம் என்றும் பாருங்கள். ஐந்து லிட்டர் கிண்ணம் என்பது விளிம்புவரை தண்ணீர் பிடிக்கும் அளவு, அத்தனை மாவையும் பிசையும் என்று அர்த்தமில்லை. வெண்ணெய், சர்க்கரை, மைதா, முட்டை எல்லாம் கால் கிலோ போட்டால் ஒரு கிலோ கேக் கலவை ஆயிற்று. உங்களுக்கு நான்கு, ஐந்து லிட்டர் தாராளம். அதைவிடப் பெரிய கிண்ணத்தில் ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, அடிக்கும் கம்பி விஸ்க்குக்கு எட்டாமல் அடியிலேயே கிடக்கும்.

கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தட்டை பீட்டரை மாட்டி, காலிக் கிண்ணத்தில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு மிகக் குறைந்த வேகத்தில் விடுங்கள். பீட்டர் காசை அவ்வப்போது தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். தொடவே இல்லை என்றால் வெண்ணெய் அடியில் கலக்காமல் தங்கும். ஓயாமல் இழுத்துக்கொண்டு போனால் பீட்டர் கிண்ணத்தில் உரசுகிறது. பூச்சு உரிந்து கேக்கில்தான் விழும். பீட்டர் தானும் சுழன்று கிண்ணத்தையும் சுற்றிவர வேண்டும். கை பீட்டரையே ஒரு ஸ்டாண்டில் மாட்டி, அடியில் கிண்ணத்தை மட்டும் சுற்றவிட்டு 'ஸ்டாண்ட் மிக்சர்' என்று விற்கிறார்கள், அது உங்களுக்கு வேண்டாம். தலைப்பகுதியைப் பூட்டிவிட்டு கையால் ஆட்டிப் பாருங்கள். இப்போதே ஆடினால் கெட்டி மாவில் குதிக்கும்.

என் கருத்து: வாராவாரம் ஆர்டர் இருப்பதால் வாங்குங்கள், ஆனால் அதைக் கேக்குக்கும் க்ரீமுக்குமான மெஷினாகவே வைத்துக்கொள்ளுங்கள். பன் மாவுக்கு வீட்டு டேபிள் டாப் கிரைண்டர் இருக்கிறதா பாருங்கள். கோயம்புத்தூர் கிரைண்டர்கள் பலவற்றோடு மாவு பிசையும் பாகம் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் பிரிக்காமல் பரணில் கிடக்கும். அரை மணி நேரம் உளுந்து அரைக்கிற மோட்டாருக்கு அரைக் கிலோ மைதா பெரிய வேலையில்லை.

பணம் கட்டுமுன் திருச்சியிலேயே சர்வீஸ் உண்டா, மாவு பிசையும் கொக்கியும் பல் சக்கரமும் தனியாகக் கிடைக்குமா என்று போனில் கேட்டுவிடுங்கள். 'மோட்டாருக்கு ஐந்து வருட வாரண்டி' என்பதில் பல் சக்கரம் சேருமா என்பதையும் கேளுங்கள். மலிவு மெஷினில் முதலில் தேய்வது அதுதான்.

கேள்வி: நான் வாங்கிய மிக்சர் நான்காம் மாதமே நின்றுவிட்டது. கேக் விற்கிறேன் என்று வாய்தவறிச் சொன்னதும் 'வணிகப் பயன்பாடு, வாரண்டி கிடையாது' என்கிறார்கள். நுகர்வோர் புகாரும் செய்ய முடியாதாம். உண்மையா?
- வாசகி, மதுரை

பதில்: முதல் பாதியில் அவர்கள் வாதாட இடம் உண்டு. 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று வாரண்டி அட்டையில் இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது பாதி தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. ஆள் வைத்து பேக்கரி நடத்தினால் கதை வேறு. தனியாக அடுப்படியில் நிற்பவருக்கு இது பொருந்தும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில்லும், சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்த சீட்டும் கையில் இருக்கட்டும். வாரண்டி இல்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.