பவுஹவுஸ் மாணவியைத் தேட பெர்லின் மட்டும் போதாது

வணக்கம். 1922 வாக்கில் ஜெர்மனியின் பவுஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் நெசவு படித்த மாணவியின் பெயர் பெர்லின் பவுஹவுஸ் காப்பகத் தேடலில் வரவில்லை, அவர் அங்கே படித்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

பெர்லினில் இருப்பது பள்ளியின் பழைய அலுவலகக் கோப்பறை அல்ல. பள்ளி மூடியது 1933-இல். காப்பகமோ 1960-இல்தான் டார்ம்ஸ்டாட்டில் தொடங்கி, 1971-இல் பெர்லினுக்கு மாறியது. பள்ளியில் படித்தவர்களும் கற்பித்தவர்களும் தங்களிடம் இருந்ததைக் கொடுக்கக் கொடுக்க வளர்ந்த தொகுப்பு அது. எதுவும் கொடுக்காமல் போனவர்களின் சுவடு அங்கே குறைவாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது 1919 முதல் 1925 வரை பள்ளி வைமர் நகரில் இயங்கிய காலம். அப்போது அது அரசுப் பள்ளி. அதனால் நிர்வாகக் கோப்புகள் வைமரில் உள்ள துரிங்கியா மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதல் கடிதம் அங்கே போகட்டும்.

அப்புறம், எந்தப் பெயரில் தேடினீர்கள்? கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர் என்றால் கிடைப்பது கஷ்டம். அங்கே படித்த புகழ்பெற்ற நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸையே பாருங்கள்: 1922-இல் சேர்ந்தபோது அவர் ஃபிளைஷ்மான், யோசெஃப் ஆல்பர்ஸை மணந்தது 1925-இல். பிறந்த வீட்டுப் பெயர், அதை எழுதக்கூடிய வெவ்வேறு விதங்கள், பிறந்த ஊர் மூன்றையும் கடிதத்தில் சொல்லுங்கள்.

நெசவுப் பட்டறைப் பதிவுகளோடு நிறுத்த வேண்டாம். பட்டறைக்குள் போகுமுன் அடிப்படை வகுப்பை முடிக்க வேண்டும், அதோடு விலகியவர்களும் உண்டு. குழுப் புகைப்படங்கள் கிடைத்தால் பின்பக்கத்தின் நகலையும் மறக்காமல் கேளுங்கள். பென்சிலில் கிறுக்கிய பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், பட்டியலில் ஏறியிருக்காது.