காதோரம் வலிக்கும் தாடைக்கு பிசியோதெரபியா?

கேள்வி: எனக்கு வயது 38. பேரணாம்பட்டில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறேன். எட்டு மாதமாக வலது காதுக்கு முன்னால் வலி. வாயைத் திறந்தால் ‘டக்’ என்று சத்தம். காலையில் தாடை இறுகிக் கிடக்கிறது. காதில் குறையில்லை என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். பல் டாக்டர், பல்லும் நன்றாக இருக்கிறது, இது தாடை மூட்டு வலி, பிசியோதெரபிக்குப் போங்கள் என்கிறார். தாடைக்கும் பிசியோதெரபி உண்டா? எங்கள் தெருவில் சுளுக்கு வழிப்பவர் ஒரே இழுப்பில் சரிசெய்கிறேன் என்கிறார். போகலாமா?

பதில்: சுளுக்கு வழிப்பவரிடம் போக வேண்டாம் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பல் டாக்டர் சொன்னதுதான் சரியான வழி.

காதுத் துளைக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே உருண்டு நகர்வதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்புக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அது கொஞ்சம் இடம் மாறி, திரும்பப் பொருந்தும்போது ‘டக்’ என்கிறது. வலியே இல்லாத பலருக்கும் இந்தச் சத்தம் உண்டு, அதற்கென்று வைத்தியம் தேவையில்லை. வலியைத்தான் கவனிக்க வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மூட்டைவிட அதைச் சுற்றியுள்ள தசைகளே அதிகம் களைத்திருப்பதாகத் தோன்றுகிறது. முறத்தை மடியில் வைத்து மணிக்கணக்கில் குனிந்திருக்கும்போது கழுத்து முன்னால் நீள்கிறது. வேலை மும்முரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நமக்கே தெரியாது. தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறீர்களா என்று வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கு 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு வழிகாட்டல் வந்தது. கையால் செய்யும் சிகிச்சை, மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கழுத்தும் உடலும் நேராக இருக்கப் பயிற்சி, வலியைச் சமாளிக்கும் மனப்பயிற்சி ஆகியவற்றை அது உறுதியாகப் பரிந்துரைக்கிறது. மூட்டுத் தட்டை வெட்டி எடுப்பது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தையே நிரந்தரமாக மாற்றும் தகடுகள் இரண்டையும் உறுதியாக வேண்டாம் என்கிறது. இரவில் பல்மேல் மாட்டிக் கழற்றும் சாதாரண கிளிப், மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போன்றவற்றுக்கும் அதில் ஆதரவில்லை. யாராவது பல்லைத் தேய்க்கலாம், பிடுங்கலாம் என்றால் அவசரப்படாதீர்கள். போன பல் திரும்ப வராது.

கைச் சிகிச்சை என்றால் இழுப்போ முறிப்போ இல்லை. பிசியோதெரபிஸ்ட் கையுறை போட்டு, கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் மேல் வைத்து, தாடையை மெதுவாகக் கீழும் முன்னும் நகர்த்துவார். கன்னத் தசையில் கட்டிதட்டிய இடத்தைத் தேடி நிதானமாக அழுத்துவார். அழுத்தும்போது கொஞ்சம் வலிக்கும், அப்புறம் இளகும். ஒரே வெடுக்கில் இழுத்தால் தாடை நழுவிவிடக்கூடும். அதனால்தான் முதலிலேயே தடுத்தேன். உங்கள் ஊரிலிருந்து வேலூர் வர முடிந்தால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சி.எம்.சி.யிலோ கேட்டுப் பாருங்கள்.

வீட்டுப் பயிற்சியை இன்றே தொடங்கலாம். ‘ன்’ என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேலண்ணத்தில், பல்லோடு பல் படாமல், உதடு மட்டும் மூடியிருக்க வேண்டும். தாடைக்கு ஓய்வு அதுதான். ஒவ்வொரு கட்டு பீடி முடியும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள், தலையையும் நிமிர்த்துங்கள். அப்புறம் கண்ணாடி முன் நின்று, நாக்கை அண்ணத்திலிருந்து எடுக்காமல் மெதுவாகத் திறந்து மூடுங்கள். தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்க வேண்டும். தடவைக்கு ஆறு, நாளைக்கு ஐந்தாறு தடவை. இது பழகியதும், மோவாய்க்கடியில் இரு விரல் வைத்து லேசாகத் தடுத்துக்கொண்டே திறக்கப் பாருங்கள். மறுநாள் வலி கூடினால் பாதியாகக் குறையுங்கள். முன்னதாகப் பத்து நிமிடம் வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். முறுக்கு, எலும்பு கடிப்பது கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் கஞ்சியை மட்டுமே குடித்துக்கொண்டிருக்காதீர்கள், தசை இன்னும் சோர்ந்துபோகும். பயன் தெரிய சில வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: பாக்கு, ஹான்ஸ் புகையிலை போடும் பழக்கம் உண்டா? பாக்கினால் வாய்க்குள் தோல் இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் எரியும், உள்கன்னம் வெளுக்கும். அது வேறு நோய், புற்றுநோயாகவும் மாறலாம்; பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. கன்னம் வீங்குவது, காய்ச்சல், முகம் மரத்துப்போவது இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மாடி ஏறினால் தாடை வலித்து நின்றால் விடுகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று பொருள். எத்தனை விரல் நுழைகிறது என்று வாரம் ஒருமுறை காலண்டரில் குறித்து, பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது அதைக் காட்டுங்கள்.